ஐம்பொன், பஞ்சலோகம், வெண்கலம், செப்பு: கோயில் சிலைக்கு எந்தச் சொல் சரி?

அரசலாறு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கோயிலுக்குக் குடமுழுக்கு வருகிறது. அதையொட்டித் தல வரலாறு ஒன்று அச்சிடுகிறோம், எழுதும் பொறுப்பு என்னிடம். மூலவர், தீர்த்தம், தல மரம் எல்லாம் எழுதியாகிவிட்டது. உற்சவர் பக்கத்தில் வந்து நின்றுவிட்டேன்.

பழைய துண்டுப் பிரசுரத்தில் "ஐம்பொன் சிலை" என்று இருக்கிறது. அறங்காவலர் ஐயா "பஞ்சலோக விக்கிரகம்" என்று போடச் சொல்கிறார். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் எழுதிக் கொடுத்த குறிப்பில் "வெண்கலச் சிலை". பீடத்தில் நாலு வரி எழுத்து உண்டு. அதைப் படித்துச் சொன்னவர் "செப்பு" என்ற சொல் தெளிவாக இருக்கிறது என்கிறார்.

நாலும் ஒன்றுதானா? ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது, எதைக் குறித்தது? பக்கத்தை நிரப்ப ஏதோ ஒன்றைப் போட்டுவிட எனக்கு மனம் இல்லை. அந்தத் திருமேனிக்கு முன்னால் நின்று வளர்ந்தவள் நான். சரியான சொல்லால்தான் எழுத வேண்டும்.

—

உரைகல் எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. "ஐம்பொன்"னில் தொடங்குகிறேன்.

இன்றைக்குப் பொன் என்றால் தங்கம். அதனால் ஐம்பொன் என்றதும் "ஐந்து தங்கமா?" என்று குழந்தைகள் கேட்கிறார்கள். பழைய தமிழில் பொன் என்பது தங்கத்தின் பெயராகவும் இருந்தது, உலோகம் எல்லாவற்றுக்குமான பொதுப் பெயராகவும் இருந்தது. இரும்புக்குக் கரும்பொன் என்று பெயர். வெள்ளிக்கு வெண்பொன். நிறத்தை முன்னால் வைத்துப் பொன்னைப் பின்னால் சேர்த்தால் உலோகத்தின் பெயர் வந்துவிடும்.

இதற்குக் குறளிலேயே சான்று இருக்கிறது. சூது அதிகாரத்தில்:

"வேண்டற்க வென்றிடினும் சூதினை வென்றதூஉம்
தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று" (931)

தூண்டிலில் யாராவது தங்கத்தையா மாட்டுவார்கள்? அது இரும்பு முள். பரிமேலழகரும் தூண்டில் இரும்பு என்றுதான் உரை எழுதுகிறார். ஆனால் வள்ளுவர் அங்கே பொன் என்ற சொல்லைப் போட்டிருப்பதில் ஒரு அழகு இருக்கிறது. சூதில் வென்றவன் தன் கையில் இருப்பது பொன் என்று நினைக்கிறான், அது முள். இரண்டு பொருளும் அந்த ஒரு சொல்லுக்குள் நிற்கின்றன.

ஆகவே ஐம்பொன் என்றால் ஐந்து உலோகம். பஞ்சலோகம் என்பதும் அதுவே, வடமொழி வடிவில். பொதுவாகச் சொல்லப்படும் பட்டியல் பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம்.

—

வல்லிபுரம் எழுதியது:

வணக்கம், யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். உரைகல் ஐயா சொன்னதோடு இன்னொன்றையும் வைத்துப் பார்க்கலாம்.

லோஹம் என்ற வடசொல் தொடக்கத்தில் சிவந்த உலோகத்தை, அதாவது செம்பைக் குறித்தது. லோஹிதம் என்றால் சிவப்பு. பிறகு அது எல்லா உலோகங்களுக்கும் பொதுப் பெயர் ஆனது. இன்றைக்கு இந்தியில் லோஹா என்றால் இரும்பு. தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் உகரம் சேர்த்து உலோகம் என்றோம், பொதுப் பொருளையே வைத்துக்கொண்டோம்.

அங்கே செம்பின் பெயர் எல்லாவற்றுக்கும் பெயராயிற்று. இங்கே பொன் தங்கத்துக்கும் பெயர், எல்லாவற்றுக்கும் பெயர். ஒரு சமூகம் எந்த உலோகத்தை முதன்மையாக நினைக்கிறதோ அதன் பெயரில்தான் மற்றதெல்லாம் வந்து சேருகிறது என்று நினைக்கிறேன்.

இலங்கைப் பாடப்புத்தகத்தில் நாங்கள் படித்தது கலப்புலோகம். உங்கள் பக்கத்தில் உலோகக் கலவை என்று எழுதுகிறீர்கள். எனக்கு எங்கட சொல்தான் பிடிக்கும். கலவை என்றால் சீமெந்துக் கலவை ஞாபகம் வரும். கலப்புலோகம் என்றால் கலந்த பிறகு அதுவும் ஓர் உலோகம்தான் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

—

ரெண்டுசக்கரம் எழுதியது:

அலாய் வீல் என்று நாம் தினமும் சொல்கிறோமே, அந்த அலாய் இதுதானே?

—

வல்லிபுரம் எழுதியது:

அதேதான் தம்பி. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மூலம் லத்தீனில் சேர்த்துக் கட்டுதல் என்ற பொருளுள்ள வினைச்சொல். வண்டியில் நீங்கள் சொல்வது பெரும்பாலும் அலுமினியக் கலப்பு.

—

கருமெழுகு எழுதியது:

நான் சுவாமிமலைப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்துக்குத் தலைமுறையாக இதுதான் தொழில். பட்டறையில் நடப்பதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அந்த மெழுகில் உருவம் பிடிப்போம். விரல் நகம், கழுத்து மணி, இடுப்பு மடிப்பு எல்லாம் மெழுகிலேயே வந்துவிட வேண்டும். அதற்கு மேல் காவிரி வண்டலை நைசாக அரைத்து முதல் பூச்சு. காய்ந்ததும் அடுத்த பூச்சு, அதற்கு மேல் கனமான மண், பெரிய சிலை என்றால் கம்பி கட்டுவோம். காய்ந்த கருவை, அதாவது இந்த மண் அச்சை, வறட்டி அடுக்கிச் சூடு பண்ணினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். உள்ளே வெற்றிடம். அந்தச் சூடு ஆறுவதற்குள் உருக்கிய உலோகத்தை நூல் பிடித்த மாதிரி, அறுபடாமல் ஊற்ற வேண்டும். நடுவில் ஒரு நொடி நின்றால்கூடச் சிலையில் கோடு விழும். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால் சிலை. ஒரு கருவுக்கு ஒரு சிலைதான், கரு உடைந்துவிடுமே.

நூலில் இதற்கு மதூச்சிட்ட விதானம் என்று பெயர். மது என்றால் தேன், உச்சிட்டம் என்றால் எஞ்சியது. தேன் எடுத்தபின் மிஞ்சுவதால் செய்யும் முறை.

இப்போது உங்கள் கேள்வி. கொப்பரையில் என்ன போடுகிறோம்? பெரும்பங்கு செம்பு. அடுத்து பித்தளை. கொஞ்சம் ஈயம். அப்புறம் வெள்ளியும் தங்கமும் மிகக் கொஞ்சம். சிலை செய்யக் கொடுத்தவர் குடும்பத்தோடு வந்து நிற்பார். பாட்டி காதில் கிடந்த தோட்டையோ, ஒரு குந்துமணித் தங்கத்தையோ கண்ணில் ஒற்றிக்கொண்டு தன் கையாலேயே கொப்பரையில் போடுவார். அந்த நேரத்தில் பட்டறையில் யாரும் பேச மாட்டோம். இந்த ஐந்தும் சேர்ந்ததைத்தான் நாங்கள் ஐம்பொன் என்கிறோம். இரும்பு போடுவது கிடையாது.

—

வகுப்பறை எழுதியது:

கருமெழுகு அண்ணன் சொன்னதற்கு வேதியியல் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

இரும்பு செம்போடு அவ்வளவாகக் கலக்காது. அதனால் உரைகல் ஐயா கொடுத்த பட்டியலை அப்படியே எடைபோட்டு உருக்கினால் நல்ல வார்ப்பு வராது. அந்தப் பட்டியல் பட்டறைக் குறிப்பு இல்லை, உலோகங்களின் வகைப்பாடு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுத்தச் செம்பு 1085 டிகிரியில்தான் உருகும். உருகினாலும் இழைவாக ஓடாது, ஆறும்போது காற்றுக் குமிழ் விட்டுவிடும். வெள்ளீயம் சேர்த்தால் உருகுநிலை இறங்குகிறது, ஆறியபின் கடினமும் கூடுகிறது. காரீயத்தின் கதை வேறு. அது செம்பில் கரையாது. நுண்ணிய துளிகளாகச் செம்புக்குள்ளேயே சிதறி நிற்கும். ஆனால் அதனால் உருகிய கலவை நன்றாக ஓடி, அண்ணன் சொன்ன நகத்தையும் மணியையும் போய் நிரப்புகிறது. பிறகு உளி பிடிக்கவும் இளகிக் கொடுக்கிறது.

பழைய சிலைகளில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பெங்களூரில் இருக்கும் தொல்லுலோக ஆய்வாளர் சாரதா சீனிவாசன் நூற்றுக்கும் மேற்பட்ட தென்னிந்தியப் படிமங்களைப் பகுப்பாய்வு செய்திருக்கிறார். சோழர் காலத்துப் படிமங்கள் பெரும்பாலும் செம்பு, வெள்ளீயம், காரீயம் மூன்றும் சேர்ந்தவை. தங்கமும் வெள்ளியும் சுவடு அளவில்தான், தாதுவிலேயே ஒட்டி வந்திருக்கக்கூடிய அளவு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். ஈயம் என்றால் எது? வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. கும்பகோணத்து ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறார்களே, அது வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும், அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு நகரக்கூடாது. காரீயம் நச்சு. "கொஞ்சம் ஈயம்" என்று மட்டும் எழுதினால் எது என்று வாசகருக்குத் தெரியாது. அரசலாறு அம்மா புத்தகத்தில் இதைப் பிரித்து எழுதினால் நல்லது.

—

தெற்குவாசல் எழுதியது:

அப்படியானால் ஐம்பொன் என்பது பொய் என்கிறீர்களா? காலங்காலமாக ஊர் ஊராகச் சொல்லி வந்ததை ஒரு சோதனைக் குழாயில் வைத்து முடித்துவிட முடியுமா?

—

கருமெழுகு எழுதியது:

பொய் இல்லை ஐயா. இன்றைக்கு என் கையால் ஐந்தும் போடுகிறேனே. போடுவதற்கு வேதியியல் காரணம் இருக்க வேண்டும் என்று கிடையாது. சிலை செய்வது தொழில், அதே நேரம் அது ஒரு சடங்கும். கண் திறப்பது மாதிரி, தங்கம் சேர்ப்பதும் அதில் ஒரு பகுதி. எங்களுக்கு அது முக்கியம்.

—

வகுப்பறை எழுதியது:

தெற்குவாசல் ஐயா, நான் சொன்னது இவ்வளவுதான். ஐம்பொன் என்ற சொல் ஒரு சடங்கின் பெயர், ஒரு முழுமையின் பெயர். எடைக் கணக்கின் பெயர் இல்லை. வடக்கே இதே இடத்தில் அஷ்டதாது என்பார்கள். தங்கம், வெள்ளி, செம்பு, இரும்பு, காரீயம், வெள்ளீயம், துத்தநாகம், பாதரசம் என எட்டு. எட்டும் சமமாகக் கலந்த வார்ப்பு நடக்காது. ஐந்து, எட்டு என்ற எண்களுக்கு வழிபாட்டில் ஒரு நிறைவு இருக்கிறது, அந்த நிறைவைத்தான் சொல் சொல்கிறது.

—

மலையடிவாரம் எழுதியது:

பழனி நவபாஷாணமும் இந்த வகையா?

—

உரைகல் எழுதியது:

இல்லை. அங்கே கணக்கு பாஷாணம், மரபில் சொல்லப்படும் ஒன்பது நச்சுப் பொருள்கள். உலோகம் வார்த்துச் செய்த சிலைகளோடு அதைச் சேர்க்க வேண்டாம்.

—

படியெடுப்பு எழுதியது:

வார இறுதிகளில் கல்வெட்டுப் படியெடுக்கப் போகிற குழு ஒன்றில் இருக்கிறேன். இந்த இழையில் இதுவரை யாரும் தொடாத சொல் உங்கள் பீடத்து எழுத்தில் இருக்கும் "செப்பு". என் கணிப்பில் நாலிலும் கனமான சொல் அதுதான்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை எடுத்துப் பாருங்கள், தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் வரிசையாக இருக்கின்றன. முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் தேவியரும் அதிகாரிகளும் கொடுத்த படிமங்களின் விவரம். பாதாதிகேசாந்தம், அதாவது பாதம் முதல் தலைமுடி வரை, எத்தனை முழம் எத்தனை விரல் உயரம், எத்தனை திருக்கைகள், பீடம் எவ்வளவு. நகைகளை எடை போட்டிருக்கிறார்கள், முத்தை எண்ணியிருக்கிறார்கள். இவ்வளவு துல்லியம் பார்த்தவர்கள் உலோகத்துக்கு என்ன சொல் போட்டார்கள்? செப்பு. செப்புத் திருமேனி, செப்புப் பிரதிமம்.

அதே ஊரில் தங்கத்தில் செய்ததைப் பொன் என்றும் வெள்ளியில் செய்ததை வெள்ளி என்றும் தனித்தனியாகவே எழுதினார்கள். செப்பு என்ற சொல்லை யோசிக்காமல் போட்டிருக்க மாட்டார்கள். செம்புதான் பெரும்பங்கு, அதனால் செப்பு. வகுப்பறை டீச்சர் சொன்ன ஆய்வோடு இது எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் கணக்கெழுதியவர் எழுதியதும் இன்றைய ஆய்வுக்கூடம் சொல்வதும் கிட்டத்தட்ட ஒன்று.

—

காவேரிக்கரை எழுதியது:

அந்தக் கல்வெட்டுகளில் உலோகமாதேவி என்று ஓர் அரசி வருகிறாரே, அந்தப் பெயரும் இந்த உலோகத்திலிருந்து வந்ததா? படிமங்கள் கொடுத்ததால் அப்படி அழைத்தார்களா?

—

படியெடுப்பு எழுதியது:

அது லோகம், உலகம். லோகமகாதேவி என்பதுதான் தமிழ் ஒலியில் உலோகமாதேவி ஆனது. இராசராசனின் பட்டத்தரசி. திருவையாற்றில் அவர் எடுப்பித்த கோயில் உலோகமாதேவீச்சரம். லோஹமும் லோகமும் தமிழில் ஒரே எழுத்துக்கு வந்துவிட்டதால் இந்த மயக்கம். உங்களைப் போலப் பலர் கேட்டிருக்கிறார்கள்.

—

குமரிக்கோடு எழுதியது:

வெண்கலத்தை யாரும் பிரிக்கவில்லையே. எங்கள் பக்கம் அடுக்களையில் இன்றும் புழங்கும் பொருள் என்பதால் நான் எழுதுகிறேன்.

வீட்டில் வெண்கலம் என்று சொல்வது சிலை உலோகத்தை அல்ல. உருளி, பானை, மணி, தாளம் இவை செய்யும் உலோகம். வெள்ளீயம் அதிகம், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகும். அதனால் செம்பின் சிவப்புப் போய் வெளிறிய மஞ்சள் சாயல் வந்துவிடும். விரலை மடக்கிச் சுண்டினால் கணீர் என்று இழுத்துக் கேட்கும். பித்தளையைச் சுண்டினால் சத்தம் அங்கேயே நின்றுபோகும். வெண்கலக் குரல் என்று சீர்காழியாரைப் பாராட்டியது இந்த ஓசையை வைத்துத்தான். கைதவறிக் கீழே விழுந்தால் பித்தளை நசுங்கும், வெண்கலம் விரிசல் விடும். எங்கள் அம்மா உருளியைக் கழுவும்போது துணியை மடித்துப் போட்டு அதன் மேல்தான் வைப்பார்.

சொல் வெண்மை + கலம் என்பது என் கருத்து. வெளுத்த நிறமுள்ள பாத்திரம், பிறகு அந்தப் பாத்திரம் செய்யும் உலோகம். இதற்கு மலையாளம் துணை நிற்கிறது. அங்கே இந்த உலோகத்துக்கு ஓடு என்று பெயர், ஓட்டுருளி என்பார்கள். வெள்ளோடு என்றும் சொல்வார்கள். தமிழில் வெண்கலம், மலையாளத்தில் வெள்ளோடு. இரண்டிலும் முன்னால் நிற்பது வெண்மை.

வெள்ளீயத்தை இன்னும் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடி சாட்சி. மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயம். கண்ணாடியே இல்லாமல் உலோகத்தையே தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும்படி செய்கிறார்கள். வெளுப்பு அந்த அளவுக்குப் போகும்.

—

உரைகல் எழுதியது:

அருமை. வெண் என்ற பாதி உறுதி, அதுவே போதும்.

ஒன்று சேர்க்கிறேன். வெண்கலத்துக்குத் தமிழில் இன்னொரு பழைய பெயர் கஞ்சம். வடமொழியில் காம்ஸ்யம், தெலுங்கிலும் கன்னடத்திலும் கஞ்சு, இந்தியில் காம்ஸா. இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று பிரிக்கிறோமே, தாளமும் சேகண்டியும் கஞ்சக்கருவி ஆனது இதனால்.

சிலப்பதிகாரத்தில் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளர்களைச் சொல்லும்போது "கஞ்ச காரரும் செம்புசெய் குநரும்" என்று வருகிறது. கவனியுங்கள், கஞ்சகாரர் வேறு, செம்பு செய்பவர் வேறு. கலப்புலோகத்தில் வேலை செய்பவரும் தனி உலோகத்தில் வேலை செய்பவரும் புகாரில் இரண்டு தொழில் என்று இளங்கோவடிகள் பிரித்து வைத்திருக்கிறார். அடுத்தடுத்த வரிகளில் கொல்லரும் தச்சரும் பொன்செய் கொல்லரும் வருகிறார்கள். கலப்புலோகம் என்ற கருத்துக்குத் தமிழில் தனிச்சொல் தேடுபவர்கள் இந்த வரியைப் பார்க்க வேண்டும். நம்மவர்கள் பொதுச்சொல் ஒன்றை உருவாக்கவில்லை, ஒவ்வொரு கலப்புக்கும் தனிப் பெயரும் தனித் தொழிலாளியும் வைத்தார்கள்.

—

ரெண்டுசக்கரம் எழுதியது:

பித்தளை? தங்கம் என்று சொல்லிப் பித்தளையைத் தள்ளிவிட்டதால்தான் பித்தலாட்டம் என்ற சொல் வந்தது என்று படித்தேன். பித்தளை + ஆட்டம்.

—

உரைகல் எழுதியது:

அந்தக் கதை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. பித்தளாட்டம் என்ற எழுத்து வடிவமும் இருக்கிறது என்பதால் நம்பத் தோன்றும். ஆனால் தெலுங்கில் பிதலாடகம் என்று ஒரு சொல் உண்டு, சிக்கல், சூழ்ச்சி என்ற பொருளில். தெலுங்கில் பித்தளைக்கு இத்தடி என்று பெயர். பித்தளையிலிருந்து பித்தலாட்டம் வந்தது என்பவர்கள் இதற்கு முதலில் விடை சொல்ல வேண்டும். கேட்க இனிமையாக இருப்பதை மட்டும் வைத்து வேர் சொல்லக் கூடாது என்பது என் கட்சி.

பித்தளை என்ற பெயர் மஞ்சள் நிறத்தோடு சேர்ந்தது. வடமொழியில் பித்தலம், இந்தியில் பீதல், கன்னடத்தில் ஹித்தாளெ. பகரம் ஹகரமாவது கன்னடத்துக்கு இயல்பு, பால் ஹாலு ஆவது போல. செம்பு சிவப்பு, வெண்கலம் வெளுப்பு, பித்தளை மஞ்சள். மூன்றும் நிறத்தை வைத்தே அடையாளம்.

—

வகுப்பறை எழுதியது:

பித்தளையில் வேடிக்கை ஒன்று உண்டு. அதில் இருக்கும் துத்தநாகத்தைத் தனியாகப் பார்ப்பதற்கு முன்பே மக்கள் பித்தளை செய்துவிட்டார்கள். துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகிவிடும், அதன் தாதுவை உலையில் போட்டால் உலோகம் புகையாகப் போய்விடும். அதனால் தாதுவையும் கரியையும் செம்புத் துண்டுகளையும் மூடிய குகையில், அதாவது உலோகம் உருக்கும் மண் கலத்தில், வைத்துச் சூடாக்கினார்கள். ஆவி செம்புக்குள்ளேயே இறங்கிப் பித்தளை ஆனது. துத்தநாகத்தைத் தனியே வடித்தெடுத்த பெரிய இடம் ராஜஸ்தானில் ஜாவர். ஆக, கலப்புக்குப் பெயர் முதலில் வந்தது, கலந்த பொருளில் ஒன்றுக்குப் பெயர் பிறகு வந்தது.

பள்ளியில் நான் சொல்லும் இன்னொன்று: எவர்சில்வரில் சில்வர் கிடையாது. இரும்பும் குரோமியமும் நிக்கலும்தான். ஜெர்மன் சில்வரிலும் வெள்ளி இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம். குத்துவிளக்கு வாங்கப் போகும் பெற்றோருக்கு இதைச் சொல்லிவிடுவேன், எடைக்கு வெள்ளி விலை கொடுத்துவிடக் கூடாது அல்லவா.

—

வல்லிபுரம் எழுதியது:

இப்போது அரசலாறு அக்காவின் நாலு சொல்லில் மிச்சம் இருப்பது, வெண்கலச் சிலை. குமரிக்கோடு சொன்னதுதான் இதைத் திறக்கும் சாவி.

கோயில் படிமத்தை நம் மூதாதையர் வெண்கலம் என்று சொல்லிப் பழகவில்லை. ஆங்கிலத்தில் பிரோன்ஸ் என்று எழுதினார்கள், நாம் அதை வெண்கலம் என்று தமிழாக்கினோம். பொலன்னறுவையில் சிவன் கோயில் இடிபாடுகளில் நடராசரும் நாயன்மாரும் கிடைத்தார்கள். அவற்றில் பல கொழும்பு அருங்காட்சியகத்துக்குப் போயின. ஆனந்த குமாரசுவாமி 1914-இல் அந்த அருங்காட்சியகப் படிமங்கள் பற்றி வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே பிரோன்ஸ் என்ற சொல்தான். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் அவை ஒரு தனிக் கூடத்தில் நிற்கின்றன. அங்கே பெயர்ப்பலகையைப் பார்த்துப் பார்த்து நமக்கும் வெண்கலச் சிலை என்று வந்துவிட்டது.

பிழை என்று சொல்லமாட்டேன். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தால் அறிவியலில் அது வெண்கலம்தான். ஆனால் அடுக்களைத் தமிழில் வெண்கலம் உருளியின் உலோகம், சுண்டினால் ஒலிப்பது, விழுந்தால் உடைவது. திருமேனி வார்க்கும் கலப்பு அது இல்லை.

எனக்கு இந்த நாலு சொல்லும் நாலு இடத்தில் இருந்து பேசுவதாகப் படுகிறது. செப்பு, கொடுத்தவரின் கணக்கேடு. ஐம்பொன், வார்த்தவரின் பட்டறையும் பக்தரின் மனமும். பஞ்சலோகம், சிற்ப நூல். வெண்கலம், அருங்காட்சியகம்.

—

தெற்குவாசல் எழுதியது:

வல்லிபுரம் தம்பி சொன்னது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஐம்பொன்னுக்கு அதன் இடம் கிடைத்தால் எனக்கு வழக்கு இல்லை.

—

படியெடுப்பு எழுதியது:

நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். பழைய திருமேனிக்கு அதன் பீடத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும். அதைச் செய்வித்தவர் தன் வாயால் சொன்ன சொல் அது. தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு இடபவாகனரைப் பாருங்கள். 1011 என்று ஆண்டோடு நமக்குத் தெரிவது திருவெண்காட்டுக் கோயிலில் எழுத்து இருந்ததால்தானே. எழுத்து இல்லாத எத்தனையோ படிமங்களுக்கு நாம் பாணியை வைத்து நூற்றாண்டு சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

—

அரசலாறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அறங்காவலர் ஐயாவிடம் இந்த இழையை முழுக்க வாசித்துக் காட்டினேன். கஞ்சகாரர் வரியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்:

"உற்சவமூர்த்தியின் திருமேனி செம்பைப் பெரும்பங்காகக் கொண்டு மெழுகுக் கருவில் வார்க்கப்பட்டது. பீடத்தில் உள்ள எழுத்து இதைச் செப்புத் திருமேனி என்றே குறிக்கிறது. ஐந்து உலோகங்களைச் சேர்த்து வார்க்கும் மரபினால் ஊரார் இதை ஐம்பொன் திருமேனி என வழங்குவர்."

பஞ்சலோகம் அர்ச்சனைப் பகுதியில் வருகிறது, அங்கே அப்படியே விட்டுவிட்டேன். வெண்கலம் மணிக்குப் போய்விட்டது. எங்கள் கோயில் மணி நல்ல வெண்கலம். "செம்புத் திருமேனி"யா "செப்புத் திருமேனி"யா? அச்சகத்தில் திருத்தி அனுப்பியிருக்கிறார்கள்.

—

உரைகல் எழுதியது:

செப்பு. இரும்பு + பாதை இருப்புப் பாதை ஆவது போல, செம்பு + பட்டயம் செப்புப் பட்டயம், செம்பு + திருமேனி செப்புத் திருமேனி. மெல்லின எழுத்து வல்லினமாகத் திரிகிறது. அச்சகத்தார் திருத்தியதை மாற்றிவிடுங்கள். செப்பு என்பதற்குப் பிறகு த் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

—

வகுப்பறை எழுதியது:

"செம்பைப் பெரும்பங்காகக் கொண்டு" என்பது மிகச் சரி. யாராவது கலப்பு விகிதம் பார்க்க வேண்டும் என்று வந்தால், சிலையில் சுரண்டி எடுக்க விடாதீர்கள். எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பார்க்கும் கையடக்கக் கருவி இருக்கிறது, தொடாமலே சொல்லிவிடும். ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும். நூற்றாண்டுகளாகச் சாத்திய எண்ணெயும் களிம்பும் அதில் சேர்ந்து வரும் என்பதால் அந்த எண்ணை இறுதி என்று எழுத வேண்டாம்.

—

கருமெழுகு எழுதியது:

அக்கா, நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். குடமுழுக்குச் சமயத்தில் பளபளப்பாக இருக்க வேண்டும் என்று ஆசிட் வைத்துத் துலக்கச் சொல்பவர்கள் வருவார்கள். பீடத்து எழுத்து நாலு வரி என்றீர்கள், அந்த எழுத்தின் ஆழம் நூல் கனம்கூட இருக்காது. ஒருமுறை ஆசிட் பட்டால் ஓரம் மழுங்கும், இரண்டாம் முறை படிக்க முடியாது. புளியும் வேண்டாம், செங்கல் பொடியும் வேண்டாம். மென்மையான துணியும் நல்ல தண்ணீரும் போதும், துடைத்தபின் ஈரம் நிற்காமல் ஒற்றி எடுங்கள். அதற்கு முன்னால் எழுத்தின் மேல் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து நாலைந்து கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். முடிந்தால் அந்தப் படம் ஒன்றைப் புத்தகத்திலும் போடுங்கள்.